கரண்ட் போனாலும் நெருப்பு எரியும்

2025 ஜூன் 12 முதல் இலங்கையில் மின்கட்டணம் சராசரியாக 15 வீதம் கூடியது. அந்த ஆண்டு ஜனவரியில் 20 வீதம் குறைத்த அதே பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுதான் இதற்கும் அனுமதி கொடுத்தது. கூட்டியது நியாயமா என்ற வாதத்தை நாளேடுகள் நடத்தட்டும். நமது தொழிலுக்கு வந்து சேர்ந்திருக்கும் கேள்வி வேறு. நுவரெலியா, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் விருந்தகமும் பங்களாவும் வைத்திருப்பவர்கள், ஏற்கெனவே இருக்கிற கீசர் லைனோடு ஒரு விறகு பொயிலரைச் சேர்த்துத் தரமுடியுமா என்று கேட்கிறார்கள். தெஹிவளை, வெள்ளவத்தைப் பிளம்பர்மாரும் மலைக்குப் போய் அந்த வேலையை எடுக்கிறார்கள். ஆகவே இந்த ஏடு தன் நிலைப்பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

சேர்க்கலாம். ஆனால் பம்பை நம்பிச் சேர்க்கக் கூடாது.

விறகின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஈரப்பதம் 20 வீதத்துக்கு இறங்கிய ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 4 அலகு (கிலோவாட் மணி) வெப்பம் உண்டு. வெட்டிய கையோடு எரித்தால் அதில் பாதிதான் கிடைக்கும். பச்சை விறகின் எடையில் பெரும்பங்கு நீர், அதை ஆவியாக்கவும் வெப்பம் போகும். மலையில் யூக்கலிப்டஸும் பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைக் கட்டையும், கீழ்நாட்டில் இறப்பர் விறகும் கிளிரிசிடியாவும் கிடைக்கின்றன. கிளிரிசிடியாவை 2005 இலேயே தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசு அறிவித்தது. தோட்டத் துரைமார் பங்களாக்களில் குளிக்கும் நீரை விறகு பொயிலரில் காய்ச்சியது பழைய வழக்கம். இன்று புதிதாக வந்திருப்பது, அந்த நெருப்பை அழுத்தத்தில் இயங்கும் மின்தொட்டியோடும் கூரைமேல் சோலர் தாங்கியோடும் ஒரே குழாயில் கட்டும் ஆசை.

வழக்கமான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பொயிலருக்குத் திரும்பும் நீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால் அடுப்பைச் சுற்றிய நீர் ஜாக்கெட்டின் சுவரில் தார் படியும். கலப்பு வால்வு போடுங்கள். சேமிப்புத் தாங்கி 85 பாகை வரை ஏறும் என்பதால் குளியலறைக்குப் போகும் லைனில் தெர்மோஸ்டாட்டிக் மிக்சர் கட்டாயம். விறகு பொயிலரை நேரே கீசர் தொட்டியில் கொடுக்காதீர்கள். குளிர்நீர் வாயில் நொன் ரிட்டர்ன் வால்வு உள்ள கீசர் ஒரு மூடிய பாத்திரம். தனியாக ஒரு தாங்கி, அதனுள்ளே ஒரு கொயில், கொயிலில் சூடான நீர் கீசருக்குள் போகட்டும். சோலர் கொயில் தாங்கியின் அடியிலும் விறகின் கொயில் அதற்கு மேலேயும் இருக்கட்டும். இவையெல்லாம் நம் வாசகர்கள் அறிந்தவை.

இனி, நாம் இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிய விஷயத்துக்கு வருகிறோம். மின் ஹீட்டரில் நீர் அதிகம் சூடானால் தெர்மோஸ்டாட் கரண்டை வெட்டிவிடும், வேலை முடிந்தது. எரியும் கட்டையை எந்தச் சுவிட்சும் நிறுத்தாது. காற்றை மூடினாலும் தணல் நெடுநேரம் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் பம்ப் நிற்கும், பொயிலர் நிற்காது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீருக்கு 8 கிலோவாட் கொடுக்கும் சாதாரண அடுப்பு. ஜாக்கெட்டில் 15 லீற்றர் நீர். பம்ப் நின்ற கணத்தில் நீர் 70 பாகை. அதை 100 க்குக் கொண்டுபோக அரை அலகுக்குச் சற்று மேற்பட்ட வெப்பம் போதும். அதாவது நான்கு நிமிடம். அறையைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போனவர் திரும்பிவரும் நேரம்கூட இல்லை. அதற்குப் பிறகு உருவாகும் நீராவி, ஒரு லீற்றர் நீருக்கு ஆயிரத்தறுநூறு லீற்றர் இடம் கேட்கும். பாதையில் பூட்டிய வால்வு ஒன்று இருந்தால் எது முதலில் பிளக்கும் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

மலையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. திறந்த தொட்டியின் நீர் அங்கே 94 பாகையிலேயே கொதிக்கும். ஐரோப்பிய அடுப்புகளோடு வரும் வெப்ப வெளியேற்று வால்வு பெரும்பாலும் 95 பாகைக்கு மேல்தான் திறக்கும். அது கடல்மட்டத்துக்குச் செய்த ஏற்பாடு. திறந்த அமைப்பில் அந்த வால்வு விழித்துக்கொள்ளும்போது மேலே வென்ட் குழாய் ஏற்கெனவே துப்பத் தொடங்கியிருக்கும். வெள்ளவத்தையில் சோதித்த வால்வை நம்பி நுவரெலியாவில் பொருத்துகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கரண்ட் எப்போதாவதுதானே போகிறது, யூ.பி.எஸ். ஒன்று வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்த நாட்டின் நாட்காட்டியை நினைவூட்டுகிறோம். 2016 மார்ச் 13, 2020 ஆகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9: ஒவ்வொரு முறையும் தீவு முழுக்க இருட்டு. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் மறுபடியும் முழு நாடும் இருண்டது. எந்தப் பேட்டரி 13 மணி நேரம் தாங்கும்? மூன்று வருடம் பழகிய பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்குமா?

எனவே பொயிலருக்கும் தாங்கிக்கும் இடையிலான முதல் சுற்று ஈர்ப்பில் ஓட வேண்டும். தாங்கி பொயிலருக்கு மேலே இருக்கட்டும். 28 மில்லிமீற்றர் செப்புக் குழாய், எங்கும் கீழே இறங்காமல் ஏறிக்கொண்டே போகட்டும். பீ.பீ.ஆர். குழாயைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். நீண்டகாலப் பாவனையில் அது 70 பாகைக்கு மேல் பொறுக்காது. வென்ட் குழாயில் வால்வே கூடாது. 200 லீற்றர் நீர் சூடாகும்போது ஏழு லீற்றர் வரை விரியும். அந்த நீருக்கு மேல்தொட்டியில் இடம் விடுங்கள். தாங்கி நிரம்பிய பிறகு வெப்பம் போக வால்வில்லாத ஒரு ரேடியேட்டர் வேண்டும். இரவில் 10 பாகைக்கு இறங்கும் ஊரில் அதை நடைபாதையில் வைத்தால் விருந்தாளிகள் நன்றி சொல்வார்கள். வீட்டைச் சூடாக்குவதையும் நீரைச் சூடாக்குவதையும் ஒரே நெருப்பில் முடிக்க இதுவே நேரான வழி. பம்பைப் பிறகு சேருங்கள், வேகத்துக்காக மட்டும்.

இவ்வளவையும் யார் பார்க்கப் போகிறார்கள்? 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலையின் நீராவிக் கொதிகலனைப் பார்க்கிறது. பத்து அறை விருந்தகத்தின் வெந்நீர்ப் பொயிலர் அதன் கண்ணில் படாது. மின்னியலாளருக்கு மூன்றாம் மட்டத் தொழிற்தகைமை கேட்டு உரிமம் கொடுக்கும் திட்டம் வந்திருக்கிறது. அதை மனதார வரவேற்கிறோம். விறகுக்கும் தரம் வந்துவிட்டது. 2016 இல் வந்த எஸ்.எல்.எஸ். 1551, விறகு எந்தக் காணியில் எப்படி வளர்ந்தது என்பது வரை கேட்கிறது. அந்த விறகை மூடிய தொட்டியின் அடியில் எரிக்கிறவனிடம் மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை. நாம் கேட்ட ஒரு அலுவலகம் இது மின்சார விவகாரம் என்றது. அடுத்தது கட்டட அனுமதி விவகாரம் என்றது. மூன்றாவது, எழுத்தில் அனுப்புங்கள் என்றது, அனுப்பினோம்.

2021 நவம்பரில் சமையலறைகளில் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்த பிறகுதான் ஜனாதிபதி நிபுணர் குழுவை நியமித்தார். வால்வு, ஹோஸ், கலவை விகிதம், எச்சரிக்கை ஸ்டிக்கர் எல்லாம் ஒரே மாதத்தில் அவசரமாகின. அந்த அவசரத்தை ஒரு பிணத்துக்கு முன்பே காட்ட என்ன தடை? கட்டணத்தைக் கூட்ட ஒரு மாதத்துக்குள் பகிரங்க விசாரணை நடத்தி முடிக்கிற நிர்வாகத்துக்கு, அந்தக் கட்டணம் மக்களை எந்த நெருப்பின் பக்கம் தள்ளுகிறது என்று கேட்க ஒரு பிற்பகல் கிடைக்கவில்லையா? நாம் கேட்பது பெரிய சட்டமல்ல. ஒரு பக்கப் படிவம்: வென்ட் குழாய் எங்கே முடிகிறது, பம்ப் நின்றால் வெப்பம் எங்கே போகும், இணைத்தவர் யார், அவருடைய தகைமை என்ன. பிரதேச சபையோ நகர சபையோ கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்கட்டும்.

அதுவரை கொழும்பு பழைய சோனகத் தெருவில் பொயிலர் விற்கும் கடைக்காரருக்கும் ஒரு கடமை உண்டு: எந்த உயரத்தில் பொருத்தப் போகிறீர்கள் என்று வாங்க வருபவரைக் கேளுங்கள்.

இந்த ஏட்டைப் பொறுத்தவரை, அடுத்த இதழிலிருந்து விறகு பொயிலர் இணைப்பு வரைபடம் அனுப்புவோர் மின்வெட்டு நேரத்தில் வெப்பம் போகும் பாதையைச் சிவப்பு மையில் காட்ட வேண்டும். காட்டாத வரைபடத்தையும், பம்ப் சுற்றை மட்டுமே காட்டும் விளம்பரத்தையும் பிரசுரிக்க மாட்டோம்.