பாணினி சாப்பிட வாங்க!

ஒன்பது வயசு மகள் போன ஞாயிற்றுக்கிழமை காலையில், ‘‘அப்பா, எனக்குப் பானினி வேணும்’’ என்றாள்.

திண்ணையிலிருந்து என் அப்பா எட்டிப் பார்த்தார். ‘‘பாணினியா? சம்ஸ்கிருத இலக்கணம் எழுதினவராச்சே! அவர் எதுக்குடா குழந்தைக்கு?’’

அது இத்தாலி சாண்ட்விச், ரொட்டிக்குள் காயும் சீஸும் வைத்துச் சுடச்சுடத் தின்பது என்று விளக்கினேன். இத்தாலிய மொழியில் ஒன்று என்றால் ‘பனினோ’. பலது இருந்தால்தான் ‘பனினி’. ஆகவே ‘ஒரு பானினி’ என்பது ஒருமை பன்மை மயக்கம். பாணினி கேட்டிருந்தால் மார்க்கைக் குறைத்திருப்பார்.

எங்கள் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்தைத் தாண்டி, பாலுசெட்டிசத்திரத்தில் இறங்கி வரவேண்டும். ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கிரியை செய்த தலம் என்பார்கள். ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டு, குருவையே மறுத்துப் பேசியதும் இங்கேதானாம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்கிற பிள்ளையிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியுமா?

‘‘நம்ம வீட்டுல அவன் இல்லைம்மா’’ என்று பார்த்தேன்.

‘‘எவன் இல்லை?’’ என்றார் அப்பா.

அப்பா நாற்பது வருஷம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுப் பட்டு நெய்தவர். முழங்கால் மக்கர் பண்ண, தறியை விட்டார். அம்மா போனதிலிருந்து ஏழு மணிக்கே திண்ணையில் தனியாக ரெண்டு இட்லி. மகளுக்கு எட்டு மணிக்கு டி.வி. முன்னால். எனக்கு ஒன்பது. மனைவிக்குப் பாத்திரம் ஒழிந்த பிறகு. பி.காம். பாஷையில் சொன்னால், ஒரே கம்பெனியில் நாலு தனிக் கணக்கு. சேர்த்து எழுத ஆளில்லை.

சாயங்காலம் களத்தில் இறங்கினோம். ஐந்து தக்காளி, ஆறு பல் பூண்டு, ரெண்டு காய்ந்த மிளகாய். எண்ணெயில் சுருள வதக்கினால் சாஸ். இத்தாலிக்காரனிடம் தக்காளி இரவல் வாங்குவதாக வெட்கப்பட வேண்டாம். 1492-ல் கொலம்பஸ் கப்பல் விடும்வரை அவனிடம் தக்காளி கிடையாது, நம்மிடம் மிளகாய் கிடையாது. ரெண்டுமே அமெரிக்கச் சரக்கு.

இத்தாலியில் ‘பேஸில்’ என்று ஓர் இலை போடுவார்கள். நம்ம திருநீற்றுப் பச்சிலைதான் அது. பெருமாள் ஊரில் திருநீறா என்று மனைவி யோசித்தாள். கொல்லையில் இருந்தது, கிள்ளிப் போட்டாகிவிட்டது.

நீள பன்னைப் புத்தகம் மாதிரி பிளந்து சாஸ் தடவி, வதக்கிய குடைமிளகாய், வெங்காயம், மேலே துருவிய மொஸரெல்லா. அலுமினியத் தாளில் சுற்றியாயிற்று. பழைய குக்கரின் அடியில் ரெண்டு டம்ளர் கல் உப்பு, அதன்மேல் ஸ்டாண்டு. காஸ்கெட், வெயிட் ரெண்டும் கழற்றிவிட்டு மூடி, பத்து நிமிஷம் காயவிட்டேன். பிறகு தட்டில் பன்னை வைத்து உள்ளே இறக்கினேன்.

பூண்டு வாசனைக்கு அப்பா உள்ளே வந்துவிட்டார். முக்காலி இழுத்துப் போட்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

‘‘தீயைக் குறைடா. பட்டுக்குச் சாயம் போடறப்பவும் இப்படித்தான். அவசரப்பட்டா திட்டுத் திட்டா ஆயிடும்.’’

குறைத்தேன். பதினைந்து நிமிஷம். கடைசி ஐந்து நிமிஷம் தாளைப் பிரித்துவிட வேண்டும். ஆவி வெளியே போனால்தான் மேலே மொறுமொறுப்பு. இல்லாவிட்டால் நனைந்த பஞ்சு.

இந்தப் பண்டத்தில் ஒரு சங்கடம். ஆறினால் சீஸ் ரப்பராகிவிடும். ‘அப்புறம் சாப்பிடறேன்’ என்ற பேச்சே எடுபடாது. நாலு பேரும் அடுப்படியிலேயே வட்டமாக உட்கார்ந்தோம். அப்பா தன்னுடையதை முடித்து, பேத்தியிடம் பாதியும் வாங்கிக்கொண்டார்.

‘‘உப்பு கொஞ்சம் கம்மி’’ என்றார். அடியில் ரெண்டு டம்ளர் உப்பு இருந்தும்!

மறுநாள் ராத்திரி மணி ஏழு. திண்ணையிலிருந்து குரல் வரவில்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

‘‘பசிக்கலையாப்பா?’’

‘‘பசிக்குது. நீங்கள்லாம் எப்ப உக்காருவீங்க?’’

அன்றைக்கு வெறும் ரசம் சாதம்தான். எட்டு மணிக்கு நாலு தட்டு வைத்தோம்.