சைக்கிள் செய்த ஊரில் ஓடாத சைக்கிள்

ஐப்பசி மழை தொடங்கினால் போதும், "அப்பா, வீட்டுக்குள்ளேயே மிதிக்க ஸ்மார்ட் டிரெய்னர் வாங்குங்க" என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் போனில் ஆரம்பித்துவிடுகிறார்கள். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் அந்தச் சாதனம் கியர் சைக்கிளுக்கானது. மாதக்கணக்கில் பனி கொட்டும் ஊருக்குச் சரி. நம் பழைய ஹெர்குலிஸுக்குப் பொருந்தாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்து மிதிக்கும் சாதாரண எக்சர்சைஸ் சைக்கிளே போதும். கடைக்காரர் திரையைக் காட்டுவார். நீங்கள் சீட்டில் உட்கார்ந்து கால் எட்டுகிறதா பாருங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அந்த ஹெர்குலிஸைச் செய்தது நம் அம்பத்தூரில்தான். மண்ணூர்பேட்டையில் எம்.டி.எச். ரோட்டில் மழை விட்ட பிறகும் நம் வயதுக்காரர் சைக்கிளில் போக முடிகிறதா? டிரெய்னருக்கு விலை விசாரிக்கும் நேரத்தில், சாலையோரம் சைக்கிளுக்கு நாலடி கேட்டு ஒரு மனு எழுதுவோம்.