மாதா ஒருத்தி, கோவில் இரண்டா?

கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் என்பதாக ஒரு காலம் உண்டு. நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளுவதில் ஆரம்பித்து ஈஸ்டர் பண்டிகை வரையில் 40 நாள் என்று கணக்கு. அந்தச் சாம்பல் பூசும் நாளுக்கு நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் வைத்திருக்கும் பெயர் விபூதித் திருநாள் என்பதாகும். மதத்தை மாற்றியவர்களுக்கு விபூதியை மாற்ற மனம் வரவில்லை போலும்! நிற்க.

இக்காலத்தில் பக்தர்கள் மாமிசத்தை விட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை என்று 14 ஸ்தலங்களில் முழங்கால் படியிடுவார்கள். அதில் 4ஆவது ஸ்தலத்தில் சிலுவை சுமந்து வரும் மகனைத் தாய் சந்திக்கிறாள். 13ஆவது ஸ்தலத்தில் மகனுடைய பிணத்தை இறக்கித் தாயின் மடியில் கிடத்துகிறார்கள். அவ்விடம் வந்ததும் பெண்கள் விம்மி விம்மி அழுவார்கள். வியாகுல மாதா என்று அவளுக்குப் பெயர். ஏழு வியாகுலங்கள் என்று அவளுடைய துக்கங்களுக்குக் கணக்கும் உண்டு.

சர்க்காரால் கொலை செய்யப்பட்ட ஒரு பிள்ளையின் தாய்க்காக ஜனங்கள் மனம் இளகுவதைப் பரிகாசம் செய்ய நாம் வரவில்லை. ஈரமுள்ள மனம் அழத்தான் செய்யும். ஆனால் ஜெருசலேமில் 2000 வருஷத்துக்கு முன் அழுத தாய்க்காகச் சிந்துகிற கண்ணீர், அடுத்த தெருவில் அழுகிற தாய்க்காக ஒரு சொட்டாவது சிந்தப்படுகிறதா என்பதுதான் நம் கேள்வி.

எறையூர் சங்கதியைப் பாருங்கள். இவ்வூர் அப்போது விழுப்புரம் ஜில்லாவில் இருந்தது. ஊரில் ஜெபமாலை மாதா கோவில் இருக்கிறது. வன்னியக் கிறிஸ்தவர்களும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களும் அதே மாதாவைத்தான் கும்பிட்டு வந்தார்கள். ஆனால் கோவிலுக்குள் உட்காருமிடம் வேறு; பிணம் போகிற வழி வேறு; புதைக்கிற இடமும் வேறு. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டும் கரையாத ஜாதி, செத்த பின்பும் கரையவில்லை. பொறுத்துப் பார்த்த ஆதிதிராவிடத் தோழர்கள், சகாய மாதா என்ற பெயரில் தங்களுக்கென்று ஒரு கோவில் கட்டிக்கொண்டு, அதைத் தனிப் பங்காக ஆக்கித் தாருங்கள் என்று மேற்றிராணியாரைக் கேட்டார்கள். அவர்கள் யாருடைய கோவிலையும் பிடுங்கிக்கொள்ள வரவில்லை. சரிசமமாய் உட்கார விடாவிட்டால் தனியாகவாவது விடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதற்கும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்கவில்லை.

2008ஆம் வருஷம் மார்ச் மாதம் 9ந் தேதி ஞாயிற்றுக்கிழமை கலவரம் மூண்டது. ஆதிதிராவிடர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீசார் சுட்டார்கள், இரண்டு பேர் செத்தார்கள். அப்போது ஈஸ்டருக்கு இரண்டே வாரம் பாக்கி. அதாவது தவக்காலத்தின் உச்சி! சிலுவைப்பாதையில் முழங்கால் தேய்ந்த ஊரில்தான் இது நடந்தது. செத்த இருவருக்கும் தாய் இருந்திருப்பாள். அவளுடைய மடியிலும் பிணம் கிடத்தப்பட்டிருக்கும். அது எத்தனையாவது ஸ்தலம்?

ஜெபமாலை மாதா என்றால் யார்? மரியாள். சகாய மாதா என்றால் யார்? அவளே மரியாள். ஒரே தாய்க்கு இரண்டு பெயர் வைத்து, அந்த இரண்டு பெயர்களுக்காக அவளுடைய பிள்ளைகளே ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளுவதென்றால், இந்த பக்தியின் யோக்கியதையை நாம் தனியாக எடுத்துச் சொல்லவும் வேண்டுமா? இவ்வளவுக்கும் லூக்கா சுவிசேஷத்தில் அந்த அம்மாள் பாடியதாக உள்ள பாட்டின் கருத்து, தாழ்த்தப்பட்டவர்கள் உயர்த்தப்படுவார்கள் என்பதுதான். குருமார்கள் தினசரி மாலை ஜெபத்தில் அந்தப் பாட்டைச் சொல்லுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். 1950ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 10ந் தேதி டில்லியில் ஓர் உத்திரவு பிறந்தது. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைத் தழுவியவர்கள் தாழ்த்தப்பட்ட ஜாதியார் ஆகமாட்டார்கள் என்பது அதன் சாரம். பின்னால் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது, கிறிஸ்தவருக்குத் தளரவில்லை. அதே வருஷம் நவம்பர் மாதம் 1ந் தேதி ரோமாபுரியில் 12ஆம் பத்திநாதர் என்னும் போப்பாண்டவர், மாதா உடலோடும் ஆத்துமாவோடும் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்பதைக் கட்டாய விசுவாசமாகப் பிரகடனம் செய்தார். ஆக மூன்று மாத காலத்துக்குள் மாதா பரலோகம் சேர்ந்தது ஊர்ஜிதமாயிற்று. அவளை நம்பிப் போன ஆதிதிராவிடனுக்குக் காகிதத்தில் ஜாதி போயிற்று, சலுகையும் போயிற்று. எறையூரில் மட்டும் ஜாதி போகவில்லை.

மாதாவுக்குப் பட்டம் கொடுப்பதில் மட்டும் குறைவே கிடையாது. 431இல் எபேசு நகரத்தில் மேற்றிராணிமார்கள் கூடித் தேவனின் தாய் என்ற பட்டத்தை உறுதி செய்தார்கள். 1854இல் ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்தவள் என்று இன்னொரு பட்டம். 2025ஆம் வருஷம் நவம்பரில்கூட, அவளை இணை மீட்பர் என்று அழைக்கலாமா கூடாதா என்று ஆராய்ந்து, கூடாது என்று வத்திக்கான் அறிக்கை போட்டது. இத்தனை பட்டங்களையும் தீர்மானித்தவர்கள் ஆண் பிள்ளைகள். பெண்ணைப் பரலோகத்துக்கு ராணி என்பார்கள். பூலோகத்தில் பூசை வைக்கும் குருவாக மட்டும் அவள் ஆகக்கூடாது என்று 1994இல் போப்பாண்டவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

சில பாதிரி நண்பர்கள், "அது மதத்தின் குற்றமல்ல, ஜனங்களின் குற்றம், நாங்கள் என்ன செய்வது?" என்று சமாதானம் சொல்லுவார்கள். வடக்கன்குளத்தை அவர்கள் மறந்துவிட்டார்களா? 1872இல் அங்கே கட்டிய கோவிலுக்கு, கால்சட்டையைப்போல இரண்டு கால் வைத்து, ஒரு காலில் மேல்ஜாதியும் மற்றக் காலில் கீழ்ஜாதியும் நிற்கும்படி நடுவில் தடுப்பும் வைத்தார்கள். பாதிரிமார்கள்தான் அதற்கு இடம் கொடுத்தார்கள். 1910இல் அந்தத் தடுப்பை இடித்தவர்களும் பாதிரிமார்கள்தான். மேல்ஜாதிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. மாதாவும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆகவே இடிக்கத் தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு வாயில்லை. அடுத்த தவக்காலத்தில், ஊருக்கு இரண்டு மாதா வைத்துள்ள பங்குகளில் எல்லாம், ஒரே ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையைச் சேரியில் ஆரம்பித்து ஊர்த்தெரு வழியாய்க் கொண்டுபோகட்டும். 4ஆவது ஸ்தலத்தில் தாயும் மகனும் சந்திக்கிறபோது, சிலுவையைச் சேரியான் தோளில் கொடுப்பார்களா?