பெரியம்மாவின் பேச்சு



திருநெல்வேலியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. போனில் மைக் படத்தை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று போன பொங்கலுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "நாளைக்கு வாரியளா?" என்றார். திரையில் 'வாரி இலையா' என்று விழுந்தது. மறுபடி பேசினார், மறுபடியும் தப்பு. மூன்றாம் தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளை வருகிறீர்களா" என்று மேடையில் நிற்பவரைப் போலச் சொன்னார். சரியாக விழுந்தது. எழுபது வருடமாகப் பேசிவந்த பேச்சை ஒரு கருவிக்காக அவர் மாற்றிக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை.

மாற வேண்டியது கருவிதான். அதை மாற்ற, நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டும் போதாது. ஒரே வினைச்சொல் ஊருக்கு ஊர் எப்படித் திரிகிறது என்று அறிந்த மொழியியலாளர் வேண்டும். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே தயங்குகிறார், எதற்காகச் சலித்துப் போனைக் கீழே வைக்கிறார் என்று பார்க்கிற ஆளும் வேண்டும். இந்த இரண்டாவது வேலையைத்தான் மனிதமையக் கணினியியல் என்கிறார்கள். இரண்டும் சேருமிடத்தில் படிப்பும் ஆய்வும் உதவித்தொகையும் இருப்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது.

இதில் தமிழுக்கு எவ்வளவு வேலை மிச்சம் இருக்கிறது தெரியுமா? ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எதைச் சார்ந்தது, என்ன வேற்றுமை, என்ன காலம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைக்கும் தொகுப்புகள் உண்டு. செக் நாட்டின் பிராக் நகரில், சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு அப்படி ஒன்று உருவானது. அதில் 600 வாக்கியங்கள். அதே இடத்தில் செக் மொழிக்கு உருவானதிலோ 80,000-க்கும் மேல். நம்மைவிட மிகக் குறைவான பேர் பேசும் மொழி அது.

தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கூச வேண்டாம். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டே வரும். அவற்றைப் பிரிக்கத்தான் கணினி திணறுகிறது. நன்னூலின் புணர்ச்சி விதிகளை அறிந்த பிள்ளை பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும் என்பது என் எண்ணம். பைத்தான் மட்டும் அறிந்தவருக்கு நன்னூல் அத்தனை சீக்கிரம் வசப்படாது.

எங்கே போவது? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் நம் வாசலிலேயே இருக்கிறது. 1969-இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மைசூரில். பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்களுக்கு ஹைதராபாத் ஐஐஐடியில் கணினிப் பொறியியலும் கணினி மொழியியலும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. ஆட்கள் கருவியோடு படும் பாட்டை ஆராய விரும்பினால் ஐஐடி மும்பையின் வடிவமைப்புப் பள்ளி. இந்திய மொழிகளுக்கான 'ஸ்வரசக்ரா' விசைப்பலகை அங்கே பிறந்ததுதான். முதுகலை முடித்து நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய், 2023 முதல்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் ஆசையோடு சொல்வது மொழியியல் ஒலிம்பியாட். கேள்விப்பட்டேயிராத ஒரு மொழியின் சில வாக்கியங்களையும் அவற்றின் பொருளையும் தருவார்கள். அந்த மொழியின் விதியை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். முன்கூட்டி எதுவும் படித்திருக்கத் தேவையில்லை. 2003-இல் பல்கேரியாவில் தொடங்கிய சர்வதேசப் போட்டி 2016-இல் மைசூருக்கே வந்தது. இந்திய அணிக்கு ஆள் எடுப்பது பாணினி மொழியியல் ஒலிம்பியாட் வழியாக.

விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை. மதிப்பெண் பட்டியலோடு, நீங்களே செய்த சிறு வேலை ஒன்றையும் வையுங்கள். உங்கள் ஆச்சியின் பேச்சை, அவர் சம்மதத்தோடு, அரை மணி நேரம் பதிந்து, கேட்டபடியே எழுதிப் பாருங்கள். 'அங்கன' என்பதை 'அங்கே' என்று திருத்திவிடாதீர்கள்.

பெரியம்மாவிடம் கேட்டு நானும் முக்கால் மணி நேரம் பதிந்து வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் அவர் பசுமாட்டைப் பற்றியது. ஆய்வுக்கு வேண்டுமென்றால் கேட்டு எழுதுங்கள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்