முன்பணத்தில் பிறக்கும் பாலன்

டிசம்பர் பிறந்தால் போதும், எல்லாப் பீடங்களிலிருந்தும் ஒரே உபதேசம். கிறிஸ்துமஸை எளிமையாகக் கொண்டாடுங்கள், ஆடம்பரம் வேண்டாம், இயேசு மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார். சொல்கிறவர் யார்? கோபுர உச்சியிலிருந்து வாசல்படி வரைக்கும் சீரியல் பல்பு தொங்குகிற கோயிலின் சாமியார். கேட்கிறவர்கள் யார்? பூசை முடிந்து சேற்றில் நடந்து சேரிக்குத் திரும்ப வேண்டிய சனங்கள். ஒரு வருசம் அப்படித் திரும்பி வரும்போது எங்க ஆயா கேட்டுச்சு: "எளிமையாம் எளிமை. நாம என்னிக்கிடா ஆடம்பரமா இருந்தோம், இன்னிக்கி உடறதுக்கு?"

ஆயாவின் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் எளிமையைப் பற்றிப் பேச எவருக்கும் யோக்கியதை கிடையாது. இதை எழுதுகிற எனக்கும்தான்.

ஏனென்றால் எளிமை என்பது நமக்கு உபதேசம் அல்ல, தண்டனை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளைப் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, சட்டை போடக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. அடுத்த வருசம் இந்தப் பட்டியல் பதினொன்றாக நீண்டது. மீறிய குடிசைகள் கொளுத்தப்பட்டன. இராஜஸ்தானத்தில் சக்வாரா என்று ஒரு கிராமம். 1936இல் அங்கே தீர்த்த யாத்திரை போய் வந்த ஒரு தலித் தன் சனங்களுக்கு நெய் ஊற்றி விருந்து போட்டார். தடிகளோடு வந்த கூட்டம் சோற்றைப் பாழாக்கி, சாப்பிட்டுக் கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டியது. அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் இதை எழுதியிருக்கிறார். நெய் ஒரு குற்றம்! நல்ல துணி ஒரு குற்றம்!

ஆகவே எங்க அம்மா பண்டிகைக்கு ஒரு புதுப்புடவை கேட்டால் அதற்குப் பேர் 'நுகர்வு வெறி' அல்ல. அந்தப் புடவைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. விடுதியிலிருந்து லீவுக்கு வரும் மாணவத் தோழர்களுக்கு இதை முதலில் சொல்லிக்கொள்கிறேன். தோழா, நீ நாலு புத்தகம் படிச்சிட்டு வந்து உங்கம்மாவிடம் 'நுகர்வுக் கலாச்சாரம்' என்று வகுப்பு எடுக்காதே. நானும் எடுத்திருக்கிறேன். அம்மா பதில் பேசாமல் பானையைக் கழுவிக்கிட்டிருந்தது. அந்த மௌனம் இப்பவும் கூசுகிறது.

சரி, அப்படியானால் வாங்கிக் குவித்துவிடலாமா? இங்கேதான் இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும். அது கல்வராயன் மலைக்குக் கிழக்கே, எங்க பக்கத்துக் கணக்கு.

கார்த்திகை, மார்கழியில் எங்களுக்கு வேலை கிடையாது. சம்பா நடவும் களையும் முடிந்திருக்கும். அறுப்பு தையில்தான். நடுவில் மழை வேறு. தீபாவளி என்றால் ஆலைத் தொழிலாளிக்குப் போனஸ் உண்டு. பொங்கல் என்றால் அறுப்புக் கூலி உண்டு. சேரியில் ஒருத்தர் கையிலும் காசில்லாத மாசமாகப் பார்த்துப் பாலன் பிறக்கிறார். பாலன்மேல் தப்பில்லை. ஆனால் அந்த மாசத்தைப் பார்த்துத்தான் செங்கல் சூளை மேஸ்திரியும் வருகிறார்.

மேஸ்திரி நல்லாப் பேசுவார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிப்பார். "பண்டிகை வருதேம்மா, புள்ளைங்களுக்குத் துணிமணி எடுக்க வேணாமா?" என்பார். ஜோடிக்கு இவ்வளவு என்று முன்பணம். ஜோடி என்றால் புருசன் பொண்டாட்டி. அந்த ரொக்கத்தில் துணி வரும், கேக் வரும், ஸ்டார் வரும், கோயில் வரி கட்டப்படும். தை பிறந்து மழை விட்டதும் லாரி வரும். செங்குன்றம், திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளுக்குக் குடும்பத்தோடு ஏற வேண்டியதுதான். ராத்திரி மண் குழைத்து, விடியுமுன் கல் அறுக்க வேண்டும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. வாரத்துக்கு வாரம் சோத்துச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் கையில் கொடுப்பார்கள். கோடை மழை அடித்துப் பச்சைக்கல் கரைந்து போனால் அந்த நட்டம் நம்ம தலையில். ஆனியில் கணக்குப் பார்க்கும்போது, 'இன்னும் பாக்கி இருக்குது, அடுத்த வருசம் வந்து கழிச்சிடு' என்பார்கள்.

எனக்கு ஏழாம் வகுப்பில் எடுத்த சிவப்புச் சட்டை இப்படி வந்ததுதான். நடுச்சாமப் பூசைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன். அடுத்த மாசம் அதே சட்டையோடு சூளையில் பச்சைக்கல்லை வெயிலுக்குத் திருப்பிப் போட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அந்த வேலை, கை சின்னது பாருங்கள், கல் உடையாது. அரையாண்டுப் பரீட்சை எழுதினேன். முழுப்பரீட்சை எழுதவில்லை.

முன்பணம் கொடுத்து அந்தக் கடனுக்கு உழைப்பைப் பிடித்துவைப்பது கொத்தடிமை முறை. அதை ஒழிக்க 1976லேயே சட்டம் இருக்கிறது. கந்துவட்டிக்கு 2003இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று ஒரு குடும்பமே எரிந்தது. சூளைக்குப் போகாதவர்கள் வீட்டில் மட்டும் என்ன வாழுகிறது? வாரா வாரம் மைக்ரோ பைனான்ஸ்காரன் வாசலில் நிற்கிறான். இப்போது செல்போன் செயலியில் கடன் கொடுக்கிறவன் வந்துவிட்டான். இவனுக்குத் திண்ணையும் தேவையில்லை, குடிக்கத் தண்ணியும் தேவையில்லை.

இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையைத்தான் விளம்பரம் செய்கிறது. தீபாவளி விளம்பரத்தில் பட்டாசை எடுத்துவிட்டு நட்சத்திரத்தை மாட்டினால் கிறிஸ்துமஸ் விளம்பரம் ரெடி. சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாகச் சிரிக்கிற குண்டுத் தாத்தாவை 1931 முதல் கோக்கோகோலா கம்பெனி தன் விளம்பரங்களில் வரைய வைத்து உலகம் முழுக்கப் பரப்பியது. பனியையே பார்க்காத எங்க தெருவில், மார்கழி மழையில் பஞ்சு ஒட்டிய முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒரு பையன் வேர்த்து வடிய ஆடுகிறான். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயில் நிர்வாகம் தன் பங்குக்குக் குடில் போட்டி வைக்கிறது. பெரிய குடிலுக்குப் பரிசு. அஞ்சாயிரம் ரூபாய்க்குச் சொரூபங்கள் வாங்கிய தெரு ஜெயிக்கும், களிமண்ணில் பிடித்து வைத்த தெரு தோற்கும். அப்புறம் வரி. வரி வாங்கும்போது எல்லோரும் ஒரே பங்கு. தேர் வரும்போது, பிணம் போகும்போது வேறு வேறு பாதை! எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சம மரியாதையும் தனிப் பங்கும் கேட்டதற்கு 2008 மார்ச்சில் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்கச் சாதித் தரப்பில் இரண்டு உயிர் போனது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016 டிசம்பரில் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் கொள்கை ஆவணத்தில் ஒத்துக்கொண்டது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக் குடியரசுத் தலைவர் ஆணை நம்மைப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளியது. அதில் சீக்கியர்களை 1956லும் பௌத்தர்களை 1990லும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் சேர்க்கச் சொல்லி 2023இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆணை அப்படியேதான் கிடக்கிறது. பட்டியல் சாதிக்கான வேலை ஒதுக்கீடு இல்லாத வீட்டுக்குத்தான் சூளை மேஸ்திரி முதலில் வருகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதையெல்லாம் பேசித்தான் இரண்டு வருசத்துக்கு முந்தின ஐப்பசியில் எங்க தெருவில் கூட்டம் போட்டோம். பேசியது பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் சுவரோரம் நின்று கேட்டார்கள், அதுவே நல்லது. முடிவானது ஒன்றுதான்: பண்டிகைக்கு முன்னால் யாரும் மேஸ்திரியிடம் காசு வாங்குவதில்லை. மற்றதெல்லாம் அதற்காகத்தான்.

அந்த வருசம் துணி இல்லை. இருந்ததைத் துவைத்துப் போட்டுக்கொண்டோம். பிள்ளைகள் அழுதார்கள், மறைக்கத் தேவையில்லை. அடுத்த தையிலேயே தெருவுக்குள் சீட்டு ஆரம்பித்தோம், மாசம் இருநூறு. கார்த்திகையில் மொத்தமாகப் போய் எல்லோருக்கும் ஒரே கடையில் துணி எடுத்தோம். விலை குறையும் என்று எல்லாப் புடவையும் ஒரே நிறத்தில் எடுக்கலாம் என்றேன். "ஏன்டா, நாங்க என்ன கான்வென்ட்டுப் புள்ளைங்களா யூனிபார்ம் போட?" என்று ஒரு சித்தி கேட்டுச்சு. ஆளுக்கொரு நிறம் எடுத்தாங்க. அவங்க சொன்னதுதான் சரி.

பலகாரத்துக்கு நாலு வீட்டு அடுப்பு. பச்சரிசி ஊறவைத்து இடித்து, வெல்லப்பாகு காய்ச்சி அதிரசம், முறுக்கு. மாவு பதம் தெரிந்த கிழவிகள் மூணு பேர்தான் மிச்சம். அவங்களைச் சுத்திக் காலேஜ் பெண்கள் உட்கார்ந்து கத்துக்கிட்டாங்க. எல்லாரும் காசு போட்டு ஒரு மாடு பிடித்து, கூறு போட்டுப் பிரித்தோம். கூறில் ஒரு பங்கை எடுத்துத் தெருவுக்குப் பொதுவாக ஒரே அண்டாவில் குழம்பு வைத்தோம். மதுரை இறையியல் கல்லூரியில் பரட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, 2005இல் இறந்து போனவர், 'ஒரு உலை' என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார். தனித்தனி அடுப்பு தனித்தனிச் சாதியைக் காக்கிறது, ஒரே உலையில் பொங்கித் தின்னாமல் விடுதலை கிடையாது என்பது அதன் சாரம். நற்கருணையை அப்படிப் புரிந்துகொண்டவர் அவர். பறையைக் கோயிலுக்குள் கொண்டுபோனவர்களில் ஒருவர். மாட்டுக்கறி அண்டாவைப் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஸ்டாருக்கு மூங்கில் சிம்பு, கலர்ப் பேப்பர், மைதா பசை. பையன்கள் முதலில் மூஞ்சியைச் சுளித்தார்கள். கட்டி முடித்ததும் இறக்க விடவில்லை, தை கடைசிவரை தொங்கியது. குடிலுக்கு வைக்கோல், வாய் அகன்ற தட்டில் முளைக்கப் போட்ட கேழ்வரகு, குளத்துக் களிமண்ணில் பிள்ளைகள் பிடித்த பொம்மைகள். சூசையப்பருக்குத் தலையில் முண்டாசு. தொழுவத்துக்குச் செங்கல்லில் சின்னச் சுவர் வைக்கலாமென்று ஒரு பையன் நாலு கல் தூக்கி வந்தான். பெண்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். காரணம் அவனுக்கு விளங்கவில்லை, அவன் சூளைக்குப் போகாதவன். முதன்முதலில் குடில் வைத்தவராகச் சொல்லப்படும் அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் வைத்ததும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான். அதற்குப் பரிசு கொடுத்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று கதைவிட மாட்டேன். இரண்டு வீட்டில் பேக்கரி கேக் வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அம்மாவுக்குப் பட்டுப்புடவை எடுத்துவந்தான், அதற்கு ஒரு சண்டை. அவன் சம்பாதித்த காசு, கடன் வாங்கவில்லை, கட்டட்டுமே என்பது என் கட்சி. தோழர்கள் சிலர் இன்னும் என்னோடு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோயில் வரியைப் பொறுத்தவரை, தேர் எங்க தெருவுக்குள் வரட்டும், அன்றைக்குக் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

பூசை முடிந்து வந்த பிறகு தெருமுனையில் 44 அகல் ஏற்றினோம். 1968இல் இதே டிசம்பர் 25 ராத்திரியில்தான் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். கூடுதல் கூலி நெல் கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும். ஊர் ஊராகக் கோயில்களில் பாலன் பிறந்து, மணியடித்த நாளின் ராத்திரி. 1927இல் மகாடில் அண்ணல் மனுஸ்மிருதியைக் கொளுத்தியதும் ஒரு டிசம்பர் 25. இந்த இரண்டையும் ஒரு காலேஜ் பெண் சொல்லச் சொல்ல, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த கிழவிகள் கேட்டார்கள். ஒரு ஆயா மட்டும், "அதுல எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டுச்சு. நிறைய என்று சொன்னோம்.

போன தையில் மேஸ்திரி வழக்கம்போல வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தண்ணி கொடுத்தோம். முந்தி எங்க தெருவிலிருந்து பதினொரு குடும்பம் லாரி ஏறும். இந்தத் தடவை மூணு குடும்பம் ஏறியது. ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு வீட்டில் கல்யாணக் கடன், இன்னொரு வீட்டில் பழைய பாக்கி. அந்தப் பிள்ளைகளில் ஒன்று ஏழாம் வகுப்பு. சீட்டுப் பணத்திலிருந்து அந்தப் பழைய பாக்கியை அடைக்க முடியுமா என்று வர்ற ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோம்.