வாயிலில் வந்து நிற்கும் வினா

ஆராய்ச்சி என்னுஞ் சொல்லைக் கேட்டவளவில் நம் மாணவருட் பலர் புத்தகசாலையை நோக்கி விரைகின்றனர். பிறர் எழுதியவற்றை அறிதல் அவசியமே. ஆயினும் ஆராயத்தக்க பொருள் அங்கே பிறப்பதன்று என்பது நமது கருத்து. அவசர சிகிச்சைப் பிரிவில் ஊழியஞ் செய்யப் பயிலும் தாதியர் திறத்தில் இஃது இன்னும் உண்மையாம்.

நம் நாட்டுத் தாதியர் கல்லூரிகளில் எழுதப்படும் ஆராய்ச்சிக் கட்டுரைகளுள் மிகப் பல ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு வியாதியைப் பற்றிச் சிலருக்கு வினாத்தாள் கொடுப்பர். பின்பு பாடம் நடத்துவர். மீண்டும் அதே வினாத்தாளைக் கொடுப்பர். அறிவு பெருகிற்று என முடிப்பர். பாடங் கேட்டவர்க்கு அறிவு பெருகாதிருந்தாலன்றோ வியப்பு! குறித்த காலத்தில் முடியும், ஆசிரியரும் எளிதில் இசைவர் என்னும் வசதிகள் இம்முறைக்கு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதனால் எந்த வியாதியஸ்தரின் படுக்கையருகே எது மாறிற்று என்று கேட்பின், விடை அரிது.

நம் தூத்துக்குடிக் கரையை நோக்குவோம். இங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில், சங்குகுளிப்போ நிற்கவில்லை. முன்னோர் கல்லின் துணைகொண்டு ஒரே மூச்சில் மூழ்கினர். இன்று படகிலுள்ள கம்பிரசர் யந்திரத்தின் குழாய்வழியே காற்றை வாங்கி நெடுநேரம் அடியில் தங்குவோர் உளர். அங்ஙனம் அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் விரைந்து மேலேறின், உடலிற் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுவலியும், சிலவேளை கைகால் செயலிழத்தலும் உண்டாகும். பிரெஞ்சு அறிஞர் பால் பேர் இதனை 1878-லேயே விளக்கியுள்ளார்.

அவசரப் பிரிவில் முதற்கண் வருவோரைப் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என வரிசைப்படுத்துபவர் பெரும்பாலும் தாதியரே. ஒருவர் ‘மூட்டு வலிக்கிறது’ என்று மட்டுஞ் சொல்லி நின்றால், அவரைப் பச்சை வரிசையில் காத்திருக்க வைத்தல் எளிது. ‘இன்று கடலில் மூழ்கினீரா?’ என்னும் ஒரு கேள்வி அவரை முன்வரிசைக்குக் கொணர்ந்து, உடனே பிராணவாயு கிடைக்கச் செய்யலாம். அக்கேள்வி கேட்கப்படுகிறதா? அதற்கென வருகைச் சீட்டில் ஓரிடம் அமைத்தால் பயன் யாது? இஃதன்றோ ஆராய்ச்சிப் பொருள்!

உப்பளத்தை நோக்கினும் அப்படியே. சித்திரை வெயிலில் பாத்தியருகே மயங்கி விழுந்தவர்க்கு உஷ்ணத் தாக்குதல் எனத் தெரிந்தால், அவர் உடலை அரைமணிக்குள் குளிர்விக்க முயலவேண்டும் என்பர் வைத்திய நூலார். அவர் வாயிலை அடைந்த நிமிஷத்துக்கும், நீர் தெளித்து விசிறத் தொடங்கிய நிமிஷத்துக்கும் இடையே கழிந்த காலம் எவ்வளவு? இதனை அறியக் கடிகாரமும் குறிப்பேடும் போதும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்து, ஊர்கள் தனித்து நின்றன. அந்நாட்களில் இன்சுலினும் டயாலிசிஸும் தவறியோர் பின்னர் எந்நிலையில் வந்தனர் என்பதும் பதிவேடுகளில் தேடத்தக்கதே.

கிரிமியப் போரிலிருந்து மீண்ட ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், போர்வீரர் காயங்களினும் தடுக்கத்தக்க நோய்களாலேயே மிகுதியாக மாண்டனர் என்பதை 1858-இல் வரைபடமாக்கிக் காட்டினார். தாம் ஊழியஞ் செய்த இடத்தின் சாவுக் கணக்கே அவருக்குப் பொருள் தந்தது.

சங்குகுளிப்போர் தொகை சிறிது. கணக்கிடப் போதாதே எனச் சிலர் கூறலாம். சிறிதாயின் பல ஆண்டுப் பதிவுகளைச் சேர்த்து நோக்கலாம்; அன்றேல் கரைக்கே சென்று, வலி கண்டபோது என்ன செய்தீர், எங்குச் சென்றீர் என்று அவர்களையே கேட்கலாம்.

ஆதலின் பொருளைத் தேர்வார்க்கு மூன்று உரைகற்கள் போதும். இவ்வினா நம் வாயிலுக்கு மெய்யாகவே வருவதா? விடை கிடைத்தால் தாதியர் தம் செய்கையை மாற்றிக்கொள்ளக் கூடுமா? உள்ள காலத்துள், துன்புறுவோர்க்கு இடையூறின்றி முடிக்கலாகுமா? மூன்றாவதை எளிதாக எண்ணற்க. உயிருக்குப் போராடுபவரிடம் முறைப்படி சம்மதம் பெறுதல் அரிது. ஆகவே நன்னெறிக் குழுவின் அனுமதிக்கு முன் ஓரடியும் வைத்தலாகாது.

பட்டம் பெற்றபின் கட்டுரை அலமாரியில் உறங்கும். சங்குகுளிப்பவரோ நாளையும் கடலுக்குச் செல்வார். வலியோடு நம் வாயிலுக்கும் வரக்கூடும். அன்று அவரிடம் கேட்கவேண்டிய கேள்வியை இன்றே ஆராய்ந்து வைப்பது நம் கடனாம்.