குரல் தரும் கைபேசி

பேச்சு வராத பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணுவது பெரும் பிழை. பெருமூளை வாதம், ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் கைபேசிச் செயலி இன்று குரலாகிறது. ‘தண்ணீர்’ படத்தையும் ‘வேண்டும்’ படத்தையும் பிள்ளை தொட்டால், கருவி அதை உரத்துச் சொல்கிறது. சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலி தமிழிலும் பேசுகிறது.

செயலி பழக்கினால் பிள்ளை பேசாமலே போய்விடும் என்ற பெற்றோரின் அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. தாம் விரும்பும் தொடர்பாடல் முறையைப் பயன்படுத்தும் உரிமையை அதன் 21ஆம் உறுப்புரை கூறுகிறது. அந்த உரிமை யாழ். குடாநாட்டின் வீடுகளுக்கும் வரவேண்டும்.

புட்டும் தேத்தண்ணியும் அம்மம்மாவும் இடம்பெறும், எங்கள் பேச்சுவழக்கில் ஒலிக்கும் இலவசச் செயலி ஒன்றை யாழ். பல்கலைக்கழகக் கணினித்துறையினர் உருவாக்கலாம். கருவியையும் ஆசிரியர் பயிற்சியையும் மாகாணக் கல்வி, சுகாதாரத் திணைக்களங்கள் வழங்கவேண்டும். புலம்பெயர் உறவுகளே, ஊர்ப் பாடசாலைக்கு உதவும்போது இப்பிள்ளைகளையும் நினையுங்கள்.